பைனாரல் பீட்ஸ்: காற்றில் இல்லாத துடிப்பு காதில் கேட்பது எப்படி?

"ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கேளுங்கள், மூளை ஆல்ஃபா நிலைக்குப் போய்விடும்" என்று சொல்லும் ஒலிக்கோப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. படிப்புக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பதற்றம் தணிய இன்னொன்று. மறுபக்கம், "எல்லாம் சுத்தப் பொய்" என்று ஒரே போடாகப் போடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே குழப்பத்தில்தான் நிற்கின்றன. இரு காதுகளுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகளைத் தனித்தனியாகக் கொடுத்தால் கேட்கும் துடிப்புதான் பைனாரல் பீட்ஸ். அந்தக் கேட்பனுபவம் உண்மையானது. அது மூளையில் எந்த இடத்தில் உண்டாகிறது என்பதும் தெரியும். அதைக் கேட்டால் கவனமும் நினைவாற்றலும் கூடுமா என்பது வேறு கேள்வி. முதல் விஷயத்துக்கு உள்ள உறுதியான சான்றைக் காட்டி இரண்டாவதை விற்றுவிடுகிறார்கள், வாங்குகிறவரும் கவனிப்பதில்லை.

முன்னால் நிற்கும் இரண்டு வண்டிகள்

சிக்னலில் நிற்கிறீர்கள். முன்னால் இரண்டு கார்கள், இரண்டிலும் இண்டிகேட்டர் மினுக்குகிறது. ஒன்று நிமிடத்துக்கு 60 தடவை, மற்றது 66 தடவை. முதலில் சேர்ந்து மினுக்கும். மெல்ல ஒன்று முந்தும். கொஞ்ச நேரத்தில் ஒன்று எரியும்போது மற்றது அணைந்திருக்கும். பிறகு மறுபடி சேரும். இப்படிச் சேர்வது நிமிடத்துக்குச் சரியாக 6 தடவை, அதாவது 66-இல் 60 போக மீதி. அந்த 6 என்கிற தாளம் எந்தக் காரிலும் இல்லை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறவருக்கு மட்டுமே அது தெரியும்.

ஒலியிலும் இதே கதைதான். ஓர் ஒலி ஒரு விநாடியில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண், அளவு ஹெர்ட்ஸ். 400 ஹெர்ட்ஸ் ஒலியையும் 410 ஹெர்ட்ஸ் ஒலியையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். பத்தில் ஒரு விநாடிக்குள் முதலாவது 40 அலைகளை முடிக்கும், இரண்டாவது 41-ஐ முடித்துவிடும். மேடும் மேடும் சேரும் இடத்தில் ஒலி பெருக்கும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் அமுங்கும். ஆகவே விநாடிக்கு 10 தடவை ஒலி விம்மித் தணியும். இயற்பியல் பாடநூல் இதற்கு விம்மல் என்று பெயர் வைத்திருக்கிறது. தந்திக் கருவிக்குச் சுருதி சேர்ப்பவர்களுக்குப் பழகிய சங்கதி இது. இரண்டு தந்திகள் நெருங்க நெருங்க அந்த 'வொய்ங்... வொய்ங்' மெதுவாகி, ஒன்றும்போது நின்றுவிடும்.

இந்த விம்மல் காற்றிலேயே இருக்கிறது. மைக் வைத்தால் பதிவாகும்.

காற்றில் சேரவே விடாவிட்டால்?

இப்போது ஹெட்ஃபோனை மாட்டி, 400 ஹெர்ட்ஸை இடது காதுக்கு மட்டும், 410-ஐ வலது காதுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டும் காற்றில் சந்திக்க வழியில்லை. எந்தப் பக்கம் மைக் வைத்தாலும் ஏற்ற இறக்கமற்ற, நேர்க்கோடு போன்ற ஒலிதான் பதிவாகும். ஆனாலும் கேட்பவருக்குத் தலைக்கு உள்ளே ஒரு மெல்லிய அலைவு கேட்கும், விநாடிக்கு 10 தடவை. இதுதான் பைனாரல் பீட்ஸ், இரு செவி விம்மல். பிரஷ்ய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் டோவ 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கவனித்தார். செயலிகள் விளம்பரப்படுத்துவதுபோல் இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல.

உங்களிடம் இருக்கும் கோப்பு அசலா என்று பார்க்க ஐந்து விநாடி போதும். கேட்டுக்கொண்டே ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து எடுங்கள். துடிப்பு அந்தக் கணமே நின்று, மொட்டை ஒலி மட்டும் மிஞ்ச வேண்டும். ஒற்றைக் காதிலும் துடிப்பு தொடர்ந்தால் அது சாதாரண விம்மல். கோப்பிலோ கருவியிலோ இரண்டு ஒலிகளும் ஏற்கெனவே கலந்துவிட்டன.

திசை பார்க்கும் கணக்கு

மூளை ஏன் இப்படி ஒரு துடிப்பை உண்டாக்குகிறது? அதற்கு விம்மல் மேல் எந்த அக்கறையும் இல்லை. அது திசை தேடுகிறது.

உங்கள் இடப்பக்கம் ஒருவர் கைதட்டினால் அந்த ஒலி இடது காதை முதலில் எட்டும். தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதம் அதிகபட்சம் 0.6 முதல் 0.7 மில்லிவிநாடி வரைதான். இத்தனை சின்ன இடைவெளியை வைத்துத்தான் ஒலி எங்கிருந்து வருகிறது என்று நாம் அறிகிறோம்.

கணக்கு நடக்கும் விதம் இது. உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா, ஒலி அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகிறது. தாழ்ந்த ஒலிகளில் செவி நரம்பு அலையோடு கால்மாற்றிக் கால்மாற்றி நடக்கிறது; அலையின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் மட்டுமே துடிக்கிறது. இதைக் கட்டப் பூட்டு என்று சொல்லலாம். இரு காதுகளிலிருந்தும் கிளம்பும் இந்தத் துடிப்புகள் முதன்முதலில் சேர்வது மூளைத் தண்டில் உள்ள மேல் ஆலிவ் என்ற சிறு பகுதியில். அங்குள்ள சில நியூரான்கள், இருபுறத்துச் செய்தியும் ஒரே நேரத்தில் வந்தால்தான் பலமாகத் துடிக்கும். இரட்டைச் சாவிப் பெட்டகம் மாதிரி. ஒரு சாவி மட்டும் வந்தால் திறக்காது. இப்படி ஓர் அமைப்பு இருக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் லாயிட் ஜெஃப்ரஸ் 1948-இல் ஒரு மாதிரியை முன்வைத்தார். அதன் நுணுக்கங்களில் இன்றும் விவாதம் உண்டு, அடிப்படை நிலைத்துவிட்டது.

இயல்பான உலகில் ஒலி அசையாமல் ஓரிடத்தில் இருந்தால் இரு காதுகளுக்கும் இடையிலான தாமதமும் மாறாது. 400, 410 என்று கொடுக்கும்போது அது நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. ஒரு கணம் இரண்டும் ஒன்றாக வரும், அடுத்த கணம் ஒன்று முந்தும், பிறகு முற்றிலும் எதிராகும், மறுபடி சேரும். இரட்டைச் சாவி நியூரான்களின் துடிப்பும் அதற்கேற்ப விநாடிக்கு 10 தடவை ஏறி இறங்கும். நமக்குக் கேட்கும் துடிப்பு அதுதான்.

வித்தியாசத்தை 1 ஹெர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள், உதாரணத்துக்கு 250-உம் 251-உம். துடிப்பாகக் கேட்காது. தலைக்குள் ஒலி இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று நகர்வது போலிருக்கும். திசை பார்க்கும் கருவி ஏமாறுவதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. 4 முதல் 10 வரை போனால் நகர்வு மறைந்து அலைவாகும். ஏறத்தாழ 30-ஐத் தாண்டினால் அலைவும் கரைந்து, இரண்டு தனித்தனி ஒலிகளாகக் காது பிரித்துவிடும்.

இன்னொரு வரம்பும் இதே காரணத்தால் வருகிறது. அடிப்படை ஒலி ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது விம்மல் மங்கத் தொடங்கும். 1500-க்கு மேல் கேட்காது. அவ்வளவு வேகமான அலையின் கட்டத்தைக் கொண்டு காதுகளை ஒப்பிடும் வேலை நரம்புகளுக்குக் கைகூடுவதில்லை. 3000 ஹெர்ட்ஸில் பைனாரல் என்று யாராவது விற்றால் கடந்து போய்விடலாம்.

உயிர் இயற்பியலாளர் ஜெரால்ட் ஆஸ்டர் 1973-இல் எழுதிய கட்டுரைதான் இந்த விஷயத்தைப் பரவலாக்கியது. அதில் உள்ள ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்புதான்: ஒரு காதுக்குப் போகும் ஒலி, தனியாகக் கேட்டால் காதில் விழாத அளவு மெல்லியதாக இருந்தாலும், துடிப்பு கேட்கக்கூடும். நாம் உணராத ஒலியையும் மூளைத் தண்டு கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

சுருக்கமாக இதுவரை: துடிப்பு காற்றில் இல்லை, மூளைத் தண்டில் பிறக்கிறது. ஹெட்ஃபோன் கட்டாயம். அடிப்படை ஒலி தாழ்ந்திருக்க வேண்டும், வித்தியாசம் 30-க்குள் இருக்க வேண்டும். இந்த அளவுக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

"மனிதக் காதுக்குக் கேட்காத 10 ஹெர்ட்ஸ் ஒலி"

இந்த விளம்பர வரி தவறு. நம் காதின் கீழ் எல்லை ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் என்பது சரி. ஆனால் பைனாரல் பீட்ஸில் 10 ஹெர்ட்ஸ் ஒலி என்று எதுவும் இல்லை. நீங்கள் கேட்பது 405-ஐ ஒட்டிய ஓர் ஒலி, அது விநாடிக்கு 10 தடவை அலைகிறது. வண்டி இண்டிகேட்டர் விநாடிக்கு ஒரு தடவை மினுக்கினால் விளக்கின் நிறம் மாறுவதில்லையே. 432 ஹெர்ட்ஸ், 528 ஹெர்ட்ஸ் என்று தனித்தனி ஒலிகளுக்கு விசேஷ குணம் சொல்வது முற்றிலும் வேறு நம்பிக்கை. இங்கே எண்களின் வித்தியாசம்தான் பேச்சு.

மூளை அலை என்பது என்ன

கோடிக்கணக்கான நியூரான்கள் ஓரளவு சேர்ந்து இயங்கும்போது எழும் மின் ஏற்ற இறக்கத்தை, தலையின் மேல் ஒட்டும் மின்வாய்கள் மூலம் பதிவு செய்யலாம். அதுதான் இ.இ.ஜி. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனிதர்களிடம் 1924-இல் முதலில் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். வசதிக்காக வேகத்தை வைத்துப் பெயர் பிரிக்கிறார்கள்: 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா ஓங்கும். கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் ஆல்ஃபா ஓங்கும்.

இங்கிருந்துதான் அந்தப் பிரபலமான வாதம் கிளம்புகிறது. 10 ஹெர்ட்ஸ் துடிப்பைக் கேட்டால் மூளையும் 10-க்கு வரும், 10 ஆல்ஃபா, ஆல்ஃபா ஓய்வு, ஆகவே மனம் ஓயும். இதில் இரண்டு தாவல்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் தாவல்: மூளை அந்தத் தாளத்துக்கு இழுபடும் என்பது. ஏற்கெனவே தானாக ஓடும் ஒரு தாளம், வெளித் தாளத்தோடு இணைந்து ஓடத் தொடங்குவதே இழுபடுதல். இதைச் சாதாரண எதிர்வினையோடு குழப்பக் கூடாது. உங்கள் முகத்துக்கு நேரே ஒருவர் விநாடிக்கு ஒரு தடவை கைதட்டினால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் இமைப்பீர்கள். இமை விநாடிக்கு ஒன்று என்று பதிவாகும். அதற்காக உங்கள் இமைத்தாளமே மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. கைதட்டல் நின்றால் அதுவும் நிற்கும். இ.இ.ஜி-யில் 10 ஹெர்ட்ஸில் ஒரு முகடு தெரிந்தால் அது எதிர்வினையா, இழுபடுதலா என்று பிரிப்பது எளிதல்ல.

2023-இல் பிளோஸ் ஒன் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இ.இ.ஜி மூலம் இதைச் சோதித்த 14 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. ஐந்து ஆதரவு, எட்டு எதிர், ஒன்று இரண்டும் கலந்தது. 2020-இல் இ-நியூரோ இதழில் வந்த சோதனை இன்னும் சுவையானது. பைனாரல் துடிப்புக்கு மூளையில் எதிர்வினை தெரிந்தது. ஆனால் சாதாரண விம்மலுக்குக் கிடைத்த எதிர்வினை அதைவிட வலுவாக இருந்தது. இரண்டுமே கேட்டவர்களின் மனநிலையை மாற்றவில்லை. தாளத்தை மூளைக்கு ஊட்டுவதுதான் நோக்கம் என்றால் ஸ்பீக்கரில் வரும் சாதா விம்மலே மேல் என்று ஆகிறது. ஹெட்ஃபோன் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது தாவல்: அலை வந்தால் அந்த மனநிலையும் வரும் என்பது. காய்ச்சல் வந்தால் வெப்பமானி ஏறும். வெப்பமானியை வெந்நீரில் வைத்து ஏற்றினால் உங்களுக்குக் காய்ச்சல் வராது. ஆல்ஃபா ஓய்வின் அடையாளங்களில் ஒன்று. அதுவே ஓய்வை உண்டாக்கும் விசையா என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும்.

அப்படியானால் பலனே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இருப்பதில் வலுவான சான்று பதற்றம் பற்றியது. 2005-இல் அனஸ்தீசியா இதழில் வந்த ஆய்வில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 108 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். பைனாரல் கேட்டவர்களின் பதற்ற மதிப்பெண் 26.3 சதவீதம் குறைந்தது. அதே பின்னணி ஒலியைத் துடிப்பில்லாமல் கேட்டவர்களுக்கு 11.1 சதவீதம். எதுவும் கேட்காதவர்களுக்கு 3.8. நடுவில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். கண்ணை மூடி இதமான ஒலியைக் கேட்பதாலேயே ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நினைவாற்றல், கவனம், பதற்றம், வலி ஆகியவற்றைச் சேர்த்து 22 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, விளைவின் அளவு 0.45 என்றது. அந்த எண்ணுக்கு அர்த்தம் இது: கேட்டவர்களில் ஒருவரையும் கேட்காதவர்களில் ஒருவரையும் கண்ணை மூடி எடுத்தால், 100-க்கு ஏறத்தாழ 62 தடவை கேட்டவர் முன்னால் இருப்பார். ஒன்றுமே இல்லை என்றால் 50 ஆக இருக்கும். கேட்கும் நேரமும் முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டியது: வேலைக்கு முன்பே கேட்பதுதான், வேலை நடக்கும்போது மட்டும் கேட்பதைவிடப் பலன் தந்தது.

மறுபக்கம், வீட்டிலேயே கேட்பவர்களை வைத்து ஆயிரம் பேரிடம் நடத்தி 2023-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான ஆய்வில், பைனாரல் கேட்டவர்களின் சிந்தனைத் திறன் மதிப்பெண்கள் கூடுவதற்குப் பதில் குறைந்தன.

முடிவுகள் ஏன் இப்படி முட்டிக்கொள்கின்றன? 0.45 அளவு விளைவை நம்பகமாகப் பிடிக்க, வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி இரு குழுக்களிலும் சேர்த்து 150-க்கு மேற்பட்டவர்கள் வேண்டும். இருபது முப்பது பேரை வைத்துச் செய்தால் முடிவு எந்தப் பக்கமும் விழும். அதோடு ஆய்வுக்கு ஆய்வு அடிப்படை ஒலி, வித்தியாசம், கேட்கும் நேரம் எல்லாம் வேறு வேறு. எதிர்பார்ப்பு என்கிற வில்லனும் உண்டு: துடிப்பு காதில் கேட்பதால், தான் எந்தக் குழு என்று கேட்பவர் ஊகித்துவிடுவார்.

சுருக்கமாக: எதிர்வினை உண்டு. இழுபடுதல் ஐயத்துக்குரியது. பதற்றத்தில் ஓரளவு பலன் தெரிகிறது. அறிவுத்திறன் விஷயத்தில் சான்று இரண்டு பக்கமும் இழுக்கிறது.

நீங்களே ஒரு கோப்பு செய்ய

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஜெனரேட் பட்டியலில் டோன். வடிவம் சைன், அதிர்வெண் 250, வீச்சு 0.2, நேரம் 10 நிமிடம். இரண்டாவது தடத்தில் அதே அமைப்பு, அதிர்வெண் மட்டும் 256. முதல் தடத்தின் பான் நழுவியை இடது கோடிக்கும் இரண்டாவதை வலது கோடிக்கும் முழுதாகத் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் ஒலிகள் கலந்து சாதா விம்மலாகிவிடும். தொடக்கத்தில் ஒலி மெல்ல ஏறவும் முடிவில் மெல்ல இறங்கவும் 5 விநாடி ஃபேட் வையுங்கள், இல்லாவிட்டால் 'டக்' என்று காதில் அடிக்கும். ஸ்டீரியோ வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

இதன் பிறகும் துடிப்பு கேட்கவில்லை, அல்லது ஒற்றைக் காதிலும் கேட்கிறது என்றால் கைபேசியைப் பாருங்கள். அணுகல் அமைப்புகளில் மோனோ ஆடியோ, அதாவது இரு பக்க ஒலியையும் கலந்து இரு காதுக்கும் ஒன்றாகத் தரும் வசதி, இயங்கிக்கொண்டிருக்கலாம். ப்ளூடூத் ஹெட்ஃபோன் அழைப்பு நிலைக்கு மாறியிருந்தால் அதுவும் மோனோதான். ஸ்பேஷியல் ஆடியோ ஒரு காதின் ஒலியை மறு காதுக்கும் கொஞ்சம் கசியவிடும்; அதை அணைத்துவிடுங்கள். ஒரு காதில் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்குத் துடிப்பு கேட்காமலே போகலாம்.

இணையத்தில் எடுத்த கோப்பில் சொன்ன அளவு உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆடாசிட்டியில் இடது, வலது தடங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிளாட் ஸ்பெக்ட்ரம் (எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுங்கள். அளவை 65536 என்று வையுங்கள். விநாடிக்கு 44100 தடவை ஒலியை அளந்து பதிவு செய்த கோப்பில் அது 0.67 ஹெர்ட்ஸ் வரை பிரித்துக் காட்டும். 2048 என்று விட்டால் 21 ஹெர்ட்ஸுக்கு ஒரு கட்டம்தான். 250-உம் 256-உம் ஒரே மேடாகத் தெரிந்து, கோப்பு போலி என்று தவறாக முடிவு கட்டுவீர்கள்.

ஒலியளவு தாழ்வாகவே இருக்கட்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். துடிப்பு கேட்க அதில் பாதி சத்தம்கூட வேண்டியதில்லை. வண்டி ஓட்டும்போது கேட்க வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

உங்களுக்குப் பலிக்கிறதா என்று பார்க்க

இரண்டு கோப்புகள் வேண்டும்: ஒன்று 250, 256; மற்றது இரு பக்கமும் 250. இரண்டிலும் ஒரே அளவு பிங்க் நாய்ஸ் (அருவி இரைச்சல் போன்ற ஒலி) கலந்து, எது எது என்று காதுக்குத் தெரியாதபடி மறையுங்கள். நேர அளவு ஒன்றே என்றால் வேவ் கோப்பின் அளவும் ஒன்றாகவே இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நண்பர் ஒருவர் தினமும் நாணயம் சுண்டி ஒன்றை எடுத்து, நாள் எண்ணை மட்டும் பெயராக வைத்து 20 நாள் அனுப்பட்டும். தினமும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் கேட்டு, உடனே 10 நிமிட வேலை ஒன்றைச் செய்து பிழைகளை எண்ணுங்கள். பழகப் பழகப் பிழை குறையும் என்பதால்தான் நாணயம் சுண்டுகிறோம். முதல் பத்து நாள் ஒன்று, அடுத்த பத்து நாள் மற்றது என்று வைத்தால் பழக்கத்தின் பலனைத் துடிப்பின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

தினமும் "இன்று வந்தது துடிப்புக் கோப்பா?" என்ற ஊகத்தையும் எழுதி வையுங்கள். 20-இல் 15-க்கு மேல் சரியாக வந்தால் நாய்ஸ் போதவில்லை, காது கண்டுபிடித்துவிட்டது. அந்த 20 நாள் எண்களை ஒதுக்கிவிட்டு, நாய்ஸைக் கூட்டி மறுபடி தொடங்க வேண்டியதுதான்.